பலகைக்கு அகப்படாத நிலம்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பிளாக் ஹில்ஸ் மலைகளுக்குள் அயர்ன் மவுண்டன் ரோடு என்றொரு சாலை வளைந்து வளைந்து போகிறது. அவசரமாகப் போகிறவர்களுக்காகப் போட்ட சாலை அல்ல அது. கஸ்டர் மாநிலப் பூங்காவிலிருந்து வடக்கு நோக்கி ஏறும் வண்டி, பாறையைக் குடைந்த குறுகலான சுரங்கத்துக்குள் நுழைகிறது. எதிர்முனையில் வெளிச்சம் தெரியும்போது, அந்தக் கல் சட்டத்துக்குள் ரஷ்மோர் மலையின் நான்கு முகங்கள் சுவரில் மாட்டிய படம் போலத் தெரிகின்றன. இது தற்செயலாக அமைந்த காட்சி இல்லை. முகங்கள் சட்டத்துக்குள் விழ வேண்டும் என்றே சுரங்கங்களின் திசை தீர்மானிக்கப்பட்டது. இதற்குப் பின்னால் இருந்தவர் செனட்டர் பீட்டர் நார்பெக். இந்தச் சாலையின் மூன்று சுரங்கங்களில் ஒன்றுக்கு டோன் ராபின்சனின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. ராபின்சன் பொறியாளரோ சிற்பியோ அல்ல. மாநிலத்தின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர். மலைப்பாறைகளில் மாபெரும் உருவங்களைச் செதுக்கினால் மோட்டார் வண்டியில் ஊர்சுற்றுகிறவர்கள் தெற்கு டகோட்டாவுக்கு வருவார்கள் என்று 1923இல் யோசனை சொன்னவர் அவர்தான். சிற்பம், சாலை, மாநில வரலாறு ஆகிய மூன்றும் இங்கே ஒரே பணியின் மூன்று கைகளாக இயங்கின. இந்த மலைகளின் சாலையோர வரலாற்றுப் பலகைகளைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

சாலையோர வரலாற்றுப் பலகையும் மோட்டார் காரின் பிள்ளைதான். வர்ஜீனியா மாநிலம் தன் நெடுஞ்சாலைப் பலகைத் திட்டத்தைத் தொடங்கியது 1927இல்; ரஷ்மோர் மலையில் செதுக்கல் தொடங்கியதும் அதே ஆண்டில். பிறகு மாநிலத்துக்கு மாநிலம் இந்த வழக்கம் பரவியது. வடிவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே: கம்பத்தின் மேல் ஒரு உலோகத் தகடு, மேலே தலைப்பு, கீழே சில வரிகள், ஒரு ஆண்டு, ஒரு பெயர், ‘இந்த இடத்தில்தான்’ என்று விரலைச் சுட்டும் தோரணை. இத்தகைய பலகைகள் மீது பொதுவாக வைக்கப்படும் குறை, அவை வென்றவரின் மொழியில் பேசுகின்றன என்பது. உண்மைதான். ஆனால் பிளாக் ஹில்ஸைப் பொறுத்தவரை குறை இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பலகையில் உள்ள சொற்கள் அனைத்தையும் நேர்மையாகத் திருத்தி எழுதினாலும் இந்த மலைகளின் முதன்மையான வரலாற்று நிகழ்வு அதில் சிக்காது. பலகைக்கு ஒரு இடம் வேண்டும். அந்த நிகழ்வோ காகிதத்தில் நடந்தது.

கஸ்டர் என்ற மலையூரை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,300 அடி உயரத்தில், பிரெஞ்ச் கிரீக் ஓடையை ஒட்டி அமைந்த சிற்றூர். மாட்டு வண்டிகள் திரும்புவதற்குத் தோதாக அகலமாக விட்ட முதன்மைத் தெருவை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர். 1874 கோடையில் லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் சுமார் 1,000 பேரும் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளும் கொண்ட படையுடன் இந்த வழியாக வந்தார். கூடவே நிலவியல் அறிஞர் ஒருவர், புகைப்படக்காரர் ஒருவர், பத்திரிகை நிருபர்கள், தங்கம் தேடத் தெரிந்த இரண்டு பேர். அந்த இருவரில் ஹொரேஷியோ ராஸ் என்பவருக்கு ஓடை மணலில் தங்கத் துகள் அகப்பட்டது. செய்தி வெளியே போன வேகத்தில் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கோர்டன் குழு எனப்படும் இருபத்தெட்டுப் பேர் வந்து, மரக்கட்டைகளை நட்டுக் கோட்டை கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தனர். குழுவில் இருந்த ஒரே பெண் ஆனி டாலன்ட். இன்று ராஸுக்கு ஊருக்குள் நினைவுக் கல் இருக்கிறது. ஆனி டாலன்ட்டுக்கு ஊருக்கு வெளியே ஒரு தூண் இருக்கிறது. கோர்டன் கோட்டை, மூலக் கட்டைகள் அழிந்துபோன பின் மீண்டும் கட்டப்பட்டு, கஸ்டருக்குக் கிழக்கே சாலையோரத்தில் நிற்கிறது.

கோட்டை அருகே கொஞ்சம் நிற்பது நல்லது. பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி நட்ட கட்டைகள், சதுரமான வளாகம், உள்ளே சிறு மரக் குடில்கள். பார்ப்பவருக்கு முன்னோடிகளின் துணிச்சல்தான் முதலில் தோன்றும். ஆனால் இந்தக் கோட்டை எழுந்த நாளில் அது சட்டவிரோதக் குடியிருப்பு. 1868இல் ஃபோர்ட் லாரமியில் கையெழுத்தான ஒப்பந்தம், மிசூரி ஆற்றுக்கு மேற்கே இன்றைய தெற்கு டகோட்டாவின் பாதியை, பிளாக் ஹில்ஸ் உட்பட, லகோட்டா முதலான சூ மக்களின் தடையற்ற பயன்பாட்டுக்கென ஒதுக்கியிருந்தது. அனுமதியில்லாத வெளியார் அங்கே குடியேறக் கூடாது, தங்கக் கூடாது, கடந்துபோகவும் கூடாது. அந்த ஒப்பந்தத்தை எழுதியது அமெரிக்க அரசே. அதனால்தான் 1875 ஏப்ரலில் அமெரிக்க ராணுவமே வந்து கோர்டன் குழுவை வெளியேற்றியது. பின்னாளில் தன் நினைவுகளை எழுதிய ஆனி டாலன்ட் இதை மறைக்கவில்லை. நாகரிகத்தின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கும் ஒப்பந்தத்தை மதிக்கத்தான் வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். அந்த நேர்மைக்காவது அவரைப் பாராட்டலாம். கஸ்டர் ஊரின் பிறப்பும் இதே சாயலில்தான். 1875 கோடையில் ஜெனரல் குரூக், சுரங்கக்காரர்கள் ஆகஸ்ட் 15க்குள் மலையை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். அவர்கள் வெளியேறுவதற்குச் சில நாட்களுக்கு முன் கூடி, ஊருக்கு மனை அளந்து, பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள்.

இவை எல்லாமே பலகைக்கு ஏற்ற நிகழ்வுகள். ஓடை அங்கேயே ஓடுகிறது. கோட்டை இருந்த இடம் தெரியும். முதல் தங்கம், முதல் பெண், முதல் ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘முதல்’ இருக்கிறது. பலகை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல்லைப் போல உதவும் சொல் வேறில்லை. இனி மறுபக்கத்தைப் பார்க்கலாம். 1868 ஒப்பந்தத்தின் பன்னிரண்டாவது பிரிவு, ஒதுக்கப்பட்ட நிலத்தில் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுப்பதென்றால் வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டும் என்கிறது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்னில் லகோட்டா, செயென் வீரர்களோடு மோதிய கஸ்டர் தன் படைப்பிரிவோடு மாண்டார். அந்த ஆகஸ்டில், பிளாக் ஹில்ஸை விட்டுக்கொடுக்காவிட்டால் சூ மக்களுக்கு உணவுப் பங்கீடு கிடையாது என்று அமெரிக்க காங்கிரஸ் நிதிச் சட்டத்தோடு நிபந்தனை சேர்த்தது. வேட்டை நிலங்களை இழந்து, அரசு தரும் மாட்டிறைச்சியையும் மாவையும் நம்பியிருந்த மக்களிடம் அரசு அனுப்பிய மேனிபென்னி ஆணையம் காகிதத்தை நீட்டியது. அப்படி நெருக்கியும் கிடைத்த கையெழுத்துகள் வயதுவந்த ஆண்களில் சுமார் பத்து சதவீதம்தான். இருந்தாலும் 1877 பிப்ரவரி 28 அன்று காங்கிரஸ் அதைச் சட்டமாக்கிவிட்டது. மலை கைமாறியது இந்தச் சட்டத்தால்தான். தங்கம் கிடைத்ததாலோ போரில் தோற்றதாலோ அல்ல. வாஷிங்டன் நகரில் ஒரு மேசையின் மீது நடந்த இதற்கு பிளாக் ஹில்ஸில் எந்த மூலையில் கம்பம் நடுவது? மண்ணில் ரத்தம் விழுந்த இடத்தில் கல் நடலாம். விழாத கையெழுத்துக்கு எங்கே நடுவது?

லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மொன்டானாவில் உள்ள அந்தக் களத்தில், படைவீரர்கள் விழுந்த இடங்களில் 1890இல் வெள்ளைப் பளிங்குக் கற்கள் நடப்பட்டன. எதிர்த்துப் போரிட்ட லகோட்டா, செயென் வீரர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஒன்றுமில்லை. 1991இல் சட்டத்தின் மூலம் களத்தின் பெயரிலிருந்து கஸ்டர் நீக்கப்பட்டார். 1999 முதல் அவ்வீரர்கள் மாண்ட இடங்களில் செம்மண் நிறக் கிரானைட் கற்கள் நடப்பட்டன. 2003இல் பூர்வகுடிகளுக்கான நினைவிடமும் திறக்கப்பட்டது. தாமதமான நீதி, ஆனால் நீதிதான். அது எப்படிச் சாத்தியமாயிற்று? போருக்கு ஒரு களம் இருந்தது. ஒரு பக்கத்துக் கற்களுக்கு எதிரே மறுபக்கத்துக் கற்களை நட முடிந்தது. பிளாக் ஹில்ஸுக்குக் கிழக்கே பைன் ரிட்ஜ் காப்புப் பகுதியில் வூண்டட் நீ என்ற இடத்தில் உள்ள சாலையோரப் பலகையும் இப்படிப்பட்டதே. 1890 டிசம்பர் 29 அன்று ராணுவம் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பெருந்திரளானோரைக் கொன்ற இடம் அது. அங்குள்ள பெரிய பலகையின் தலைப்பில் ‘போர்’ என்றிருந்த சொல்லின் மேல் ‘படுகொலை’ என்று எழுதிய தனித் துண்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். புதுப் பலகை செய்யாமல் பழையதன் மேலேயே ஒட்டுப்போட்டது ஏழ்மையால் நேர்ந்ததாகவும் இருக்கலாம், வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும் படிப்பவருக்கு இரண்டு வரலாறும் ஒருசேரத் தெரிந்துவிடுகிறது. அதைவிட முந்திய சான்று மேட்டின் மேல் இருக்கிறது: இறந்தவர்களின் உறவினர்கள் 1903இல் கூட்டுக் கல்லறையருகே எழுப்பிய தூண், அதில் பொறித்த பெயர்கள். இதற்கெல்லாம் சொல்லைத் திருத்துவதும் கல்லைச் சேர்ப்பதும் போதும். நிலப் பறிப்புக்குப் போதாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சாலையோரப் பலகை என்பது வண்டியை ஓரங்கட்டி அரை நிமிடத்தில் படிப்பது. ஒப்பந்தப் பிரிவுகளையும் நாடாளுமன்றச் சட்டங்களையும் அதில் ஏற்ற முடியுமா? முடியும் என்பதற்கு ரஷ்மோர் மலையே சாட்சி. இன்று நான்கு முகங்களாக அறியப்படும் அந்த நினைவுச்சின்னம், தொடக்கத்தில் முகங்களோடு ஒரு மாபெரும் கல்வெட்டுமாகத் திட்டமிடப்பட்டது. சிற்பி கட்சன் போர்க்லம், குடியரசுத் தலைவர்களின் உருவங்களுக்குப் பக்கத்தில் லூசியானா கொள்முதல் நிலப்பரப்பின் வரைபட வடிவில் பாறையைச் சமன்படுத்தி, தொலைவிலிருந்தே படிக்கும்படி அமெரிக்க வரலாற்றைப் பொறிக்க நினைத்தார். வாசகத்தை எழுதித் தரும்படி முன்னாள் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜிடம் கேட்டார்கள். கூலிட்ஜ் எழுதினார், போர்க்லம் அவரைக் கேட்காமலே திருத்தினார், இருவருக்கும் மனக்கசப்பு. கூலிட்ஜ் 1933இல் காலமானார். 1934இல் ஹெர்ஸ்ட் பத்திரிகைகள் வழியாக நாடு தழுவிய கட்டுரைப் போட்டி நடந்தது. இதற்கிடையில் வாஷிங்டனின் ஒரு பக்கம் தொடங்கிய ஜெஃபர்சனின் முகத்தைப் பாறை சரியில்லாமல் வெடிவைத்துத் தகர்த்து மறுபக்கம் செதுக்க வேண்டியதாயிற்று. கல்வெட்டுக்கென ஒதுக்கிய இடத்தை லிங்கன் எடுத்துக்கொண்டார். எழுத்துகள் தொலைவிலிருந்து படிக்க முடியாதவை என்ற சந்தேகமும் வலுத்தது. கல்வெட்டு கைவிடப்பட்டது. போட்டியில் கல்லூரிப் பிரிவில் வென்ற வில்லியம் பர்கெட்டின் கட்டுரை பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வெண்கலத் தகடாக அங்கே ஒரு மேடையில் பதிக்கப்பட்டது.

கைவிடப்பட்ட அந்தக் கல்வெட்டில் என்ன எழுத நினைத்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். சுதந்திரப் பிரகடனம், அரசியல் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு வரிசையாக வந்தவை நிலம் சேர்த்த நிகழ்ச்சிகள்: லூசியானா, ஃப்ளோரிடா, டெக்சஸ், ஆரிகன், கலிஃபோர்னியா, அலாஸ்கா, பனாமா கால்வாய். எல்லாம் காகிதத்தில் நடந்தவை. உடன்படிக்கை, கொள்முதல், சட்டம். இவற்றில் ஒன்றுகூட பிளாக் ஹில்ஸில் நடக்கவில்லை. இருந்தும் ஒரு மலையின் நெற்றியில், சில வரிகளில், அவற்றை எழுதிவிடலாம் என்று ஒரு சிற்பியும் ஒரு முன்னாள் குடியரசுத் தலைவரும் நம்பினார்கள். ஆக, காகித நிகழ்வைக் கல்லில் சுருக்கமாக எழுத முடியாது என்ற வாதம் நிற்காது. நிலம் எப்படி வந்தது என்று ஒரு கண்டத்துக்கே கணக்கு எழுதத் துணிந்தவர்கள், தாங்கள் உளி வைத்த பாறை எப்படி வந்தது என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. போர்க்லமின் இன்னொரு கனவான ஆவண மண்டபத்தின் கதியும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. முகங்களுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் 1938இல் குடையத் தொடங்கி, முகங்களை முடிக்கும்படி காங்கிரஸ் சொன்னதால் அடுத்த ஆண்டே நின்றுபோனது. 1998இல் அதன் வாயிலில் ஒரு பெட்டகத்தைப் புதைத்து, எனாமல் பூசிய பதினாறு தகடுகளை உள்ளே வைத்துக் கிரானைட் கல்லால் மூடினார்கள். நினைவுச்சின்னத்தின் விளக்கவுரை பொதுமக்கள் போக முடியாத இடத்தில் கிடக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. லகோட்டாக்கள் இந்த மலைகளின் ஆதிகுடிகள் அல்ல. கிழக்கிலிருந்து வந்து, கியோவா, செயென் முதலான இனத்தவரைத் தள்ளிவிட்டுத்தான் இங்கே நிலைத்தார்கள். அமெரிக்கன் ஹார்ஸ் வைத்திருந்த குளிர்காலக் கணக்கு என்னும் ஓவிய ஆண்டேடே, ஸ்டாண்டிங் புல் என்பவர் பிளாக் ஹில்ஸைக் கண்டதை 1775-76ஆம் ஆண்டின் நிகழ்ச்சியாகக் குறிக்கிறது. பிறகு எதற்கு அவர்களுக்கு மட்டும் தனிப் பலகை? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. கியோவாக்களின் பெயரும் செயென்களின் பெயரும் பலகையில் வரத்தான் வேண்டும். ஆனால் யார் முதலில் வந்தார் என்பதல்ல இங்குள்ள வழக்கு. அமெரிக்க அரசு 1868இல் ஒரு குறிப்பிட்ட மக்களோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தது. அதன் சொந்த நிபந்தனையைத் தானே மீறியது. வீட்டை வாடகைக்கு எடுத்தவரிடம் அதற்கு முன் இங்கே யார் குடியிருந்தார் என்று கேட்பது ஒப்பந்தத்தை மீற அனுமதி ஆகிவிடாது.

இது ஒருதலையான வரலாறு, பிற்காலத்தவரின் மனச்சாட்சியை 1870களின் மேல் ஏற்றுவது என்ற ஆட்சேபமும் உண்டு. பிளாக் ஹில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ரென்க்விஸ்ட் 1980இல் தன் மாற்றுத் தீர்ப்பில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தீர்ப்பில் அவர் தனியாக நின்றார். சூ மக்கள் 1923இல் வழக்குத் தொடுத்து, 1942இல் தோற்று, மீண்டும் முட்டி மோதி, 1980 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக்மன். 1877 சட்டம் தகுந்த ஈடு கொடுக்காமல் நிலத்தை எடுத்துக்கொண்டது, ஆகவே சுமார் 1.71 கோடி டாலரும் 1877 முதல் ஐந்து சதவீத வட்டியும் தர வேண்டும் என்பது அதன் சாரம். இது ஒரு பேராசிரியரின் கருத்தோ ஓர் இயக்கத்தின் துண்டறிக்கையோ அல்ல. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் முடிவு. பலகை எழுதும் அமைப்புகள் வழக்கமாகக் கேட்பது ஆதாரம்தான். இதைவிடப் பெரிய ஆதாரம் பிளாக் ஹில்ஸில் எந்தப் பலகைக்கும் கிடையாது.

லகோட்டா வீரர் கிரேஸி ஹார்ஸின் சிற்பம் இதற்கெல்லாம் பதில் ஆகிவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். கஸ்டருக்கு வடக்கே சில மைலில் 1948 ஜூனில் முதல் வெடி வைத்த அந்தச் சிற்பத்தை, லகோட்டாத் தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பேரின் அழைப்பின் பேரில் கோர்ச்சாக் ஸியோல்கோவ்ஸ்கி தொடங்கினார். 1998இல் முகம் மட்டும் முடிந்தது. 87 அடிக்கும் மேல் உயரம். எங்கள் பக்கத்திலும் பெரியவர்கள் உண்டு என்பதே அழைப்பின் சாரம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புனித மலையை வெட்டுவதே தவறு என்று லகோட்டாக்களில் பலர் எதிர்க்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. என் பார்வையில் சிக்கல் வேறு. ஒரு மலை முகத்துக்கு எதிர்முகம் செதுக்குவது, ரஷ்மோர் பேசும் மொழியிலேயே பதில் சொல்வது. வீரனை அது நினைவூட்டும், நிலப்பத்திரத்தை நினைவூட்டாது. ஒப்பிட்டால், 2016 ஆகஸ்டில் நடந்த சிறிய மாற்றம் ஒன்று இன்னும் கூர்மையானது. பிளாக் ஹில்ஸின் உயர்ந்த சிகரத்துக்கு அதுவரை ஜெனரல் ஹார்னியின் பெயர் இருந்தது. 1855இல் புளூ வாட்டர் கிரீக்கில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் கொல்லப்பட்ட தாக்குதலை நடத்தியவர் அவர். மாநில அமைப்பு பழைய பெயரே இருக்கட்டும் என்று முந்தைய ஆண்டு சொல்லியிருந்தும், நாட்டின் புவிப்பெயர் வாரியம் அதை லகோட்டா ஞானி ஒருவரின் பெயரால் பிளாக் எல்க் சிகரம் என்று மாற்றியது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்ற குரல் அப்போதும் எழுந்தது. ஆனால் ஹார்னியின் பெயரும் 1850களில் ஒரு ராணுவ அதிகாரி வைத்ததுதானே. சிகரத்தின் பெயர் சாலை வரைபடத்திலும் வழிகாட்டிப் பலகையிலும் பூங்காத் துண்டறிக்கையிலும் மாறியது. ஓர் அலுவலகத்தின் காகிதம் மலை முழுவதையும் தொட முடியும் என்பதற்கு இதுவே சான்று. 1877இலும் அப்படித்தான் நடந்தது, எதிர்த்திசையில்.

ஆகவே கேட்க வேண்டியது புதுச் சொற்களை அல்ல, புது வகைப் பலகையை. ‘இங்கே இது நடந்தது’ என்று சொல்லும் பலகைகளோடு, ‘இந்த நிலம் இப்படிக் கைமாறியது’ என்று சொல்லும் பலகை வேண்டும். அதற்குத் தனி இடம் தேட வேண்டியதில்லை. பிளாக் ஹில்ஸின் எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு சாலையும் அதற்கு இடம்தான். 1868, 1877, 1980 என்ற மூன்று ஆண்டுகளும் மூன்று வரிகளும் போதும். இதனால் யாருடைய வீடும் பறிபோய்விடாது. 1980களில் செனட்டர் பில் பிராட்லி கொண்டுவந்து தோற்றுப்போன மசோதாவே, கூட்டரசின் கையிலிருந்த நிலத்தைத் திருப்பித் தரக் கேட்டதே தவிர, தனியார் மனைகளைத் தொடவில்லை. ரஷ்மோர் மலையையும் விட்டுவைத்தது. பலகை அதைவிட எத்தனையோ எளிய கோரிக்கை. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நான்கு முகங்களைப் பார்க்க வருகிறார்கள். கஸ்டருக்குள் நுழையும் சாலைகளிலும் ரஷ்மோருக்கு ஏறும் சாலையிலும் அந்த மூன்று வரிகளை முதலில் நடட்டும். கோர்டன் கோட்டைக்கு அருகே கட்டாயம் ஒன்று வேண்டும். உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன பணத்தை, மலைகள் விற்பனைக்கு அல்ல என்று சொல்லி, சூ மக்கள் இன்றுவரை வாங்கவில்லை. அரசுக் கணக்கில் அது வட்டியோடு சேர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.